கணுக்கால் சொன்ன மெய்

வகுப்பில் திருக்குறளின் விருந்தோம்பல் அதிகாரத்தை நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவர் எழுந்து, "ஐயா, அனிச்ச மலரும் அனிச்சைச் செயலும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்களா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். முகர்ந்த அளவிலே வாடிவிடும் மலர் என்று வள்ளுவர் சொல்லும் அனிச்சம் வேறு. இச்சை இல்லாமல் நிகழ்வது என்ற பொருளில் வடசொல்லைக் கொண்டு ஆக்கிய அனிச்சை வேறு. இரண்டுக்கும் உறவில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த குறளுக்கு நகர்ந்தோம்.

சொல்லாராய்ச்சி என்ற அளவில் நம் விடை சரியானதுதான். ஆனால் அன்று மாலை வாலாஜாபாத் ரயில் நிலையத்தில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது, மாணவர் கேட்டது வேறொன்று என்று பட்டது. முகர்ந்தால் மலர் வாடுகிறது. தொட்டால் தொட்டாற்சுருங்கி இலையை மூடிக்கொள்கிறது. தூசு பறந்து வந்தால் நம்மைக் கேளாமலே இமை மூடுகிறது. இவற்றையெல்லாம் செய்வது யார்? உள்ளே இருந்து காக்கும் உயிரா? அல்லது ஒரு முனையை இழுத்தால் மறுமுனை எழும்பும் பொறியமைப்பா? மேற்கில் முந்நூறு ஆண்டுகளாக வழக்காடப்பட்ட கேள்வி இது. முதற்கட்சியை உயிராற்றல் கொள்கை என்றும் மறுகட்சியைப் பொறியியக்கக் கொள்கை என்றும் தமிழில் சொல்லலாம். நம் வீட்டுக்கு இந்த வழக்கு நூல்களின் வழியாக வரவில்லை. 2012-ஆம் ஆண்டில் அப்பாவின் இடது கால் வழியாக வந்தது.

வாலாஜாபாத்தை ஒட்டிய அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை முதலிய ஊர்களில் நெசவு தலைமுறைத் தொழில். அப்பா நாற்பது ஆண்டுகளுக்கு மேல் குழித்தறியில் இருந்தவர். குழித்தறியில் உட்காருவதைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை. நெசவாளி தரை மட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு, பாதங்களால் மிதிகளை மாறி மாறி அழுத்த வேண்டும். மிதி அழுந்தும்போது பாவு இழைகள் மேலும் கீழுமாகப் பிரிந்து வழிவிடும். வலக்கை கயிற்றைச் சுண்ட, நாடா அந்த வழியே ஓடும். இடக்கை பலகையை இழுத்து ஊடையை நெருக்கும். இந்த வரிசையில் எதையும் நெசவாளி நினைத்துச் செய்வதில்லை. நினைத்தால் பிசகும். அப்பா தறியில் இருந்தபடியே நம்மோடு பேசுவார். திண்ணையில் வந்து நிற்பவர்களுக்குப் பதில் சொல்வார். கைகால்கள் தம்பாட்டில் நெய்துகொண்டிருக்கும்.

அப்பாவின் நோயை முதலில் கண்டுகொண்டது சேலைதான். உடலில் ஆங்காங்கே இழை விட்டுப்போயிருக்கிறது என்று கூலியில் பிடித்தம் செய்தார்கள். இடது மிதி முழுதாக அழுந்தாமையால் பாவு போதிய அளவு பிரியவில்லை. நாடா இழைகளில் இடித்துக்கொண்டு ஓடியிருக்கிறது. இதெல்லாம் பிறகு விளங்கியது. அப்போது அப்பா சொன்னது, "வயசாச்சு, இடுப்புல ஒரு பிடிப்பு, அவ்வளவுதான்." தொடையின் பின்புறமாக இறங்கிக் கெண்டைக்காலைப் பிளக்கும் வலியையும், சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போனதையும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

முதலில் போனது சுளுக்கு வழிப்பவரிடம். எங்கள் பக்கத்தில் இது வழக்கமே. கைக்குழந்தைக்கு உரம் விழுந்தால் புடவையில் இட்டு உருட்டி எடுப்பார்கள். கால் முன்னே வரப் பிறந்தவர் காலால் நீவினால் சுளுக்குப் போகும் என்று நம்புவார்கள். நாங்கள் போனவர் எளியவர், நல்ல மனிதர். எண்ணெய் இட்டு நீவிக்கொண்டே, "வாயு அடைச்சு நிக்குதுப்பா. உயிரோட்டம் கால் வரைக்கும் இறங்கலை. வழியைத் திறந்துவிட்டா அது தானா ஓடும்" என்றார். திருமந்திரத்தைப் பாடமாக வைத்திருந்த நமக்கு இது தேனாக இனித்தது. ஏட்டில் படித்ததைத் தொழிலாகச் செய்யும் ஒருவரைக் கண்ட மகிழ்ச்சி. நான்கு மாதங்கள் அங்கே போய்வந்தோம்.

அடுத்து, வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவரின் பரிந்துரையில் சென்னையில் கைரோபிராக்டிக் எனப்படும் முதுகெலும்புச் சீரமைப்பு நிலையம் ஒன்றுக்குப் போனோம். குளிரூட்டிய அறை. சுவரில் முதுகெலும்பின் பெரிய வண்ணப்படம். ஒவ்வொரு கணுவிலிருந்தும் ஒரு கோடு புறப்பட்டு ஓர் உறுப்பில் முடிந்தது. இந்தக் கணு பிசகினால் வயிறு, அந்தக் கணு பிசகினால் காது என்று. அங்கிருந்தவர் ஆங்கிலம் கலந்த தமிழில் விளக்கினார்: உடலுக்குள் பிறவியிலேயே ஓர் அறிவு இருக்கிறது, அது நரம்புகளின் வழியே ஓடி உடலைக் காக்கிறது, எலும்பு விலகினால் அதன் ஓட்டம் தடைபடும், தடையை நீக்கினால் உடல் தன்னைத்தானே குணப்படுத்திக்கொள்ளும். நமக்கு மெய்சிலிர்த்தது. சுளுக்கு வழிப்பவர் திண்ணையில் சொன்னதும் இவர் இங்கே சொன்னதும் ஒன்றேயல்லவா!

அப்பா அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், "ஜக்கார்டு பெட்டி மாதிரி இருக்குதில்லே? இந்தக் கயிறு இந்தப் பூவுக்கு, அந்தக் கயிறு அந்தப் பூவுக்குன்னு கட்டி வெச்சிருக்காங்க" என்றார்.

பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார்டு 1804-இல் உருவாக்கிய அந்தக் கருவியைத் தெரியாத பட்டு நெசவாளி இல்லை. துளையிட்ட அட்டைகள் வரிசையாக வரும், துளை உள்ள இடத்தில் ஊசி நுழையும், அதற்குரிய இழை எழும்பும், பூ விழும். உயிரும் அறிவும் பேசிய அந்த அறையில் அப்பா கண்டது ஒரு பொறியை. அவர் கண்டது எவ்வளவு சரியானது என்பது, இந்தச் சிகிச்சையின் வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான் விளங்கியது.

கைரோபிராக்டிக்கைத் தொடங்கியவர் டேனியல் டேவிட் பால்மர். கனடாவில் பிறந்து, அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டாவன்போர்ட் நகரில் காந்த சிகிச்சை செய்துவந்தவர். 1895 செப்டம்பர் 18 அன்று, அவர் இருந்த கட்டடத்தின் துப்புரவுப் பணியாளர் ஹார்வி லில்லார்டின் முதுகில் துருத்தி நின்ற ஒரு கணுவை அவர் அழுத்தியதாகவும், பதினேழு ஆண்டுகளாக மந்தமாக இருந்த அவருடைய கேள்வி திரும்பியதாகவும் சொல்வார்கள். கையால் செய்வது என்னும் பொருள்பட கிரேக்கச் சொற்களைக் கூட்டி இந்த முறைக்குப் பெயர் வைத்தார்கள். நோய்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முதுகெலும்புக் கணுக்களின் பிசகால் வருபவை என்பது பால்மரின் கோட்பாடு. உடலுக்குள் உறையும் அறிவு ஒன்று நரம்பு வழியாக ஆட்சி செய்கிறது; பிசகிய எலும்பு அதைத் தடுக்கிறது.

இதில் உயிராற்றல் கொள்கை எங்கே இருக்கிறது? அறிவு என்ற பெயரில் மட்டும் இருக்கிறது. மற்றவை குழாயும் அடைப்பும். தண்ணீர் ஓடும் குழாயின் மேல் ஒருவர் கால் வைத்தால் நீர் நின்றுவிடும் என்பதற்கு மேல் இதில் உயிரைப் பற்றிய சிந்தனை எதுவும் இல்லை. காதிலிருந்து செல்லும் கேள்வி நரம்போ முதுகுத் தண்டுக்கு வருவதே இல்லை. மண்டையோட்டுக்குள்ளேயே மூளையை அடைந்துவிடுகிறது. இந்தத் தொழிலுக்குள்ளேயே பலர் பின்னாளில் பால்மரின் கோட்பாட்டைக் கைவிட்டார்கள். பிரிட்டனின் பொது கைரோபிராக்டிக் மன்றம் 2010-இல், கணுப்பிசகே நோய்க்குக் காரணம் என்று உரிமை கொண்டாட மருத்துவ ஆய்வுச் சான்று இல்லை என்று அறிவித்தது. அதே சமயம், சாதாரண இடுப்பு வலிக்கு இந்தக் கைமுறை ஓரளவு பயன் தருகிறது என்றும், உடற்பயிற்சி முதலிய பிற வழிகளுக்கு ஏறத்தாழ இணையானது என்றும் ஆய்வுகள் கூறுகின்றன. அப்பாவுக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் சுகமாக இருந்தது. அந்த இரண்டு நாள் சுகத்தை நம்பி மேலும் மூன்று மாதங்கள் போயின.

அயோவாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. நம்மிடமும் கணக்கு இருக்கிறது. சைவ நூல்களும் சித்த மருத்துவ நூல்களும் உடலில் தச வாயுக்கள் இயங்குவதாகச் சொல்கின்றன. பிராணன், அபானன், வியானன், உதானன், சமானன் என்னும் ஐந்தும் மூச்சு, கழிவு, செரிமானம் போன்ற பெருந்தொழில்களுக்கு. மற்ற ஐந்தின் தொழில்கள் நூலுக்கு நூல் சற்று மாறினாலும் பொதுவாகச் சொல்வது இது: கூர்மன் இமைக்கச் செய்யும், கிருகரன் தும்மச் செய்யும், தேவதத்தன் கொட்டாவி விடச் செய்யும். நாகனுக்கும் இப்படி ஒரு தொழில் உண்டு. தனஞ்செயன் உயிர் போன பின்னும் உடலில் தங்கி, உடலை வீங்கச் செய்து, மூன்றாம் நாள் தலையோட்டைப் பிளந்துகொண்டு வெளியேறும்.

இந்தப் பட்டியலை மீண்டும் பார்க்க வேண்டும். இமைத்தல், தும்மல், கொட்டாவி. இன்று அனிச்சைச் செயல் என்ற தலைப்பின் கீழ் பள்ளிப் பாடநூல் தருபவையும் பெரும்பாலும் இவையே. இவை ஓர் இனம், இவை நம் விருப்பத்தைக் கேட்பதில்லை, மூச்சும் செரிமானமும் போன்றவையும் அல்ல என்று நம் முன்னோர் கண்டிருக்கிறார்கள். அந்தக் கூர்ந்த பார்வையை நாம் வணங்கலாம். வர்மக் கலையிலும் இப்படித்தான். படுவர்மம் பன்னிரண்டு, தொடுவர்மம் தொண்ணூற்றாறு, ஆக நூற்றெட்டு இடங்களில் உயிர்க்காற்று தங்கியிருப்பதாகவும், அங்கே அடிபட்டால் ஆள் சாய்வார் என்றும் சொல்வார்கள். கழுத்தின் பக்கவாட்டில் அழுத்தினால் இதயத் துடிப்பு தணிந்து ஒருவர் மயங்கி விழக்கூடும் என்பதை இன்றைய உடலியங்கியலும் ஒப்புக்கொள்கிறது. அங்கே ஓடும் தமனியில் இரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காரணமாகக் காட்டுகிறது.

கண்டது சரி. கண்டதற்குக் கொடுத்த விளக்கத்தில்தான் சிக்கல். ஏன் தும்முகிறோம்? கிருகரன் தும்ம வைக்கிறது. கிருகரன் என்பது எது? தும்ம வைப்பது. கேள்வி கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்துவிடுகிறது. இது விளக்கம் இல்லை, பெயர்சூட்டல். பெயர்சூட்டலில் தீங்கில்லை, இலக்கணம் பயின்றவர்களுக்கு அது பிடித்த வேலையும்கூட. ஆனால் இந்தப் பெயரை வைத்துக்கொண்டு, எந்தக் கால், எந்த இடம், எவ்வளவு நாளுக்குள் என்று கேட்டால் விடை வராது. நம் வீட்டில் வராமலே போயிற்று.

ஏழு மாதங்கள் கழித்து, அப்பாவின் செருப்பு அவர் அறியாமலே காலிலிருந்து நழுவி விழத் தொடங்கியபோது, அரசு மருத்துவமனை ஒன்றுக்குப் போனோம். மகள் வயதுள்ள ஒரு மருத்துவர். "எப்படி இருக்கு ஐயா?" என்றார். அப்பா வழக்கம்போல, "ஒண்ணுமில்லைம்மா, கொஞ்சம் பிடிப்பு" என்றார். மருத்துவர் மேற்கொண்டு எதையும் கேட்காமல், ரப்பர் முனை வைத்த சிறு சுத்தியலை எடுத்தார். முட்டிக்குக் கீழே தட்டினார்; இரண்டு கால்களும் உதறின. வலது குதிகாலுக்கு மேலுள்ள நாணில் தட்டினார். பாதம் சட்டென்று கீழ்நோக்கி அழுந்தியது. இடது காலில் தட்டினார். அசைவில்லை. மீண்டும் தட்டினார். அசைவில்லை. "ஐயா, இரண்டு கை விரல்களையும் கொக்கி மாதிரி கோத்துக்கிட்டு நல்லா இழுங்க" என்றார். அப்பா இழுத்தார். மருத்துவர் தட்டினார். வலது பாதம் முன்னைவிடப் பலமாகத் துள்ளியது. இடது பாதம் கிடந்தபடி கிடந்தது. பிறகு ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தச் சொன்னார். வலது காலில் அப்பா உயர்ந்தார். இடது காலில் முடியவில்லை.

அங்கே நின்றுகொண்டிருந்த நமக்குத் தமிழில் மெய் என்ற சொல்லுக்கு உடல் என்றும் உண்மை என்றும் இரு பொருள் இருப்பது நினைவுக்கு வந்தது. ஆண்டுதோறும் மெய்ப்பாட்டியல் நடத்துகையில், உள்ளத்து உணர்வு வியர்வையாகவும் கண்ணீராகவும் மயிர்க்கூச்சாகவும் உடலில் தானே புலப்படும் என்று உரையாசிரியர்களின் வழிநின்று சொல்லிவந்திருக்கிறோம். அப்பா ஒரு வருடமாக வாயால் மறைத்ததைக் கணுக்கால் ஒரு நொடியில் சொல்லிவிட்டது. அனிச்சையின் பெருமையே அதுதான். அதற்கு மானம், கூச்சம், கூலிக் கவலை எதுவும் கிடையாது.

மருத்துவர் தாளில் படம் வரைந்து காட்டினார். நாணைத் தட்டும்போது கெண்டைத் தசை சற்றே இழுபடுகிறது. இழுபட்ட செய்தி நரம்பு வழியே முதுகுத் தண்டுக்குப் போகிறது. அங்கேயே திரும்பி, சுருங்கு என்ற கட்டளையாகத் தசைக்கு வருகிறது. மூளைவரை போய்வர வேண்டியதில்லை. ஒரு நொடியை முப்பதாகப் பகுத்தால் ஏறத்தாழ ஒரு பங்கு நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். முட்டியின் அனிச்சைக்கு இடுப்புப் பகுதி நரம்புகள். கணுக்காலுக்கு அதன் கீழே திரிகப் பகுதியின் முதல் நரம்பு. முட்டி அசைகிறது, கணுக்கால் அசையவில்லை என்றால், பழுது இருக்கும் இடம் ஒன்றுதான். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில் அந்த இடத்திலேயே, இடுப்பின் கடைசி எலும்புக்கும் திரிகத்துக்கும் இடையிலுள்ள தட்டு பிதுங்கி, இடப்பக்க நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தது. மிதியை அழுத்தும் தசைக்குப் போகும் நரம்பு அது.

ஆக, ஏதோ ஒன்று நரம்பைத் தடுக்கிறது என்று சென்னையில் சொன்னதும், வழி அடைபட்டிருக்கிறது என்று திண்ணையில் சொன்னதும் முற்றிலும் பொய்யில்லை. ஆனால் தடைபட்டது உயிரோட்டம் அன்று. குறிப்பிட்ட ஒரு நரம்பின் செய்தி. அந்த நரம்பு போகும் இடத்தில் மட்டுமே அதன் விளைவு. வயிற்றுக்கும் காதுக்கும் அதில் பங்கில்லை. "பிதுங்கின தட்டு பலருக்குத் தானே சுருங்கிடும், சார். ஆனா கால் பலம் குறைஞ்சுகிட்டே வந்தா காத்திருக்கக் கூடாது" என்றார் மருத்துவர். ஏழு மாதங்கள் என்ற கணக்கை நாம் சொன்னபோது அவர் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது.

அறுவை சிகிச்சைக்குப் பின் வலி போயிற்று. பாதத்தின் பலம் பாதிக்கு மேல் திரும்பியது. கணுக்கால் அனிச்சை திரும்பவே இல்லை. அப்பா மறுபடி குழியில் இறங்கவில்லை. வீட்டில் ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார்.

இதற்குப் பிறகு நாம் பொறியியக்கக் கட்சிக்கு மாறிவிட்டோம் என்று வாசகர்கள் நினைக்கலாம். சில காலம் அப்படித்தான் இருந்தோம். அந்தக் கட்சியின் வரலாற்றைப் படித்தபோது அந்த உறுதியும் தளர்ந்தது.

அதன் தலைவாசலில் நிற்பவர் தெக்கார்த். அவர் 1650-இல் மறைந்த பிறகு, 1662-இல் வெளியான மனிதன் பற்றிய நூலில், நரம்புக்குள் மெல்லிய நூல்கள் ஓடுவதாகக் கற்பனை செய்தார். காலில் தீ பட்டால் அந்த நூல் இழுபட்டு, கயிற்றை இழுத்ததும் மறுமுனையில் மணி அடிப்பதுபோல மூளையில் ஒரு துளை திறக்கிறது, கால் விலகுகிறது. நெசவாளி வீட்டில் பிறந்தவர்களுக்கு இதைவிட எளிதாக விளங்கும் உடலியங்கியல் வேறில்லை. 1751-இல் எடின்பரோவின் ராபர்ட் விட் தலை நீக்கிய தவளையின் காலைக் கிள்ளினால் கால் சுருங்குவதையும், முதுகுத் தண்டை அழித்துவிட்டால் சுருங்காமல் போவதையும் எழுதினார். பொறியியக்கக் கட்சிக்கு அடித்தளமான இந்தச் சோதனையை விளக்கிய விட், உயிராற்றலின் பக்கம் நின்றவர். உணரும் தத்துவம் ஒன்று முதுகுத் தண்டிலும் பரவியிருக்கிறது என்பது அவர் முடிவு. 1833-இல் மார்ஷல் ஹால் அந்தத் தத்துவத்தைத் துரத்திவிட்டு, போகும் நரம்பு, வரும் நரம்பு, நடுவில் முதுகுத் தண்டு என்ற வளைவை மட்டும் வைத்தார்.

துரத்தியது திரும்பி வந்தது. 1853-இல் ஜெர்மானியரான ஃப்ளூகர், தலையற்ற தவளையின் தோலில் அமிலம் தடவினார். தவளை அந்தப் பக்கத்துக் காலால் அதைத் துடைத்தது. அந்தக் காலின் பாதத்தை வெட்டிவிட்டு மீண்டும் தடவினார். முதலில் வெட்டுண்ட காலையே ஆட்டிப் பார்த்தது, எட்டவில்லை, பிறகு மறுபக்கத்துக் காலைக் கொண்டுவந்து துடைத்தது. தலையில்லாத உடல் மாற்று வழி தேடுகிறதென்றால் தண்டுக்குள்ளும் ஓர் ஆன்மா இருந்தாக வேண்டும் என்றார் ஃப்ளூகர். இல்லை, தலையோடு வாழ்ந்த காலத்தில் பழகிய பழக்கம் தண்டில் தங்கியிருக்கிறது என்று மறுத்தார் தத்துவவாதி லோட்சே.

நம் நாட்டில் இந்த வழக்கைத் தனி வழியில் நடத்தியவர் ஜகதீச சந்திர போஸ். தூண்டினால் எதிர்வினை காட்டுவது உயிரின் அடையாளம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர் 1902-இல் வெளியிட்ட நூலில், தசையும் தாவரமும் மட்டுமின்றி உலோகமும் மின் எதிர்வினை காட்டுகிறது, களைக்கிறது, நஞ்சிட்டால் அடங்குகிறது என்று வரைகோடுகளோடு எழுதினார். உயிருக்கென்று தனியாற்றல் வேண்டாம் என்று இதைப் படிக்கலாம். உலகமே ஒரே உயிர்ப்பு என்றும் படிக்கலாம். போஸ் இரண்டாம் வகையையே விரும்பினார். கருவிகளை மட்டும் முதல் வகைக்குரிய கண்டிப்போடு செய்தார். தொட்டாற்சுருங்கியின் இலைக்காம்படியில் உள்ள புடைப்பில் நீர் இடம்பெயர்வதால் இலை மடிகிறது என்பதும், அதற்கு முன் ஒரு மின் துடிப்பு ஓடுகிறது என்பதும் இன்று பாடநூல் செய்திகள்.

1906-இல் ஷெரிங்டன் அனிச்சையைப் பற்றி எழுதிய பெருநூல் பொறியியக்கக் கட்சியின் வெற்றிக் கொடியாகக் கருதப்படுகிறது. ஆனால் தனித்த எளிய அனிச்சை என்று ஒன்றை வைத்துக்கொள்வது வசதிக்காகச் செய்யும் கற்பனை என்று அவரே அதில் ஒப்புக்கொள்கிறார். உடலில் எதுவும் தனித்து நிகழ்வதில்லை. இதை நாம் நூலில் படிப்பதற்கு முன்பே மருத்துவமனையில் கண்டிருந்தோம். விரல்களைக் கோத்து இழுத்தபோது அப்பாவின் வலது கணுக்கால் ஏன் பலமாகத் துள்ளியது? கைக்கும் கணுக்காலுக்கும் என்ன தொடர்பு? முழு உடலும் அந்தச் சிறு வளைவின் மேல் கை வைத்துக்கொண்டிருக்கிறது என்பதுதான். பொறி என்று நாம் வரைந்துகொண்ட படம் உண்மை. அது முழுமையிலிருந்து வெட்டி எடுத்த துண்டு என்பதும் உண்மை.

நம் இலக்கண ஆசிரியர்கள் எழுத்துகளுக்கு உயிர், மெய் என்று பெயர் வைத்தார்கள். மெய் தனித்து ஒலிக்க இயலாது. உயிர் சேர்ந்தால் இயங்கும். சேர்ந்தபின் உயிர்மெய் எழுத்தில் உயிர் எந்தக் கோட்டில் இருக்கிறது, மெய் எந்த வளைவில் இருக்கிறது என்று பிரித்துக் காட்ட முடியாது. இலக்கணத்தை வைத்து மருத்துவம் செய்யக் கூடாது என்பதை நாம் விலை கொடுத்துக் கற்றவர்கள். ஆனாலும் ஒன்று சொல்லலாம். உயிர் என்பது முழுமைக்கு வைத்த பெயர். அதைக் குழாயில் ஓடும் ஒரு பொருளாக்கி, இங்கே அடைத்தது, அங்கே திறந்தேன் என்று சொல்லத் தொடங்கும்போதுதான் அந்தச் சொல் பொய்யாகிறது. அதோடு, தன் தவறைத் தானே காட்டிக்கொள்ளும் வழி அந்த விளக்கத்துக்கு இல்லை. குணமானால் உயிர் ஓடியது. ஆகாவிட்டால் இன்னும் அடைப்பு இருக்கிறது. சுத்தியலுக்கு அந்த வசதி கிடையாது. அசைந்தது, அசையவில்லை; இரண்டில் ஒன்று.

சுளுக்கு வழிப்பவர்மீது நமக்குக் கோபம் இல்லை. அவர் தமக்குத் தெரிந்ததைச் சொன்னார். சொல் அழகாக இருந்ததால் அது சரியாகவும் இருக்கும் என்று நம்பியவர்கள் நாம். முதுகலை வரை தமிழ் படித்ததன் பயனை அப்பாவின் காலில் கட்டிவிட்டோம்.

2021-இல் அப்பா மறைந்தார். கடைசி மூன்று நாட்கள் காய்ச்சலில் நினைவு தப்பியிருந்தது. இரண்டாம் நாள் இரவு அவருடைய வலக்கை காற்றில் எதையோ சுண்டி இழுத்தது. இடக்கை நெஞ்சை நோக்கி வந்துபோனது. மீண்டும் வலக்கை. மீண்டும் இடக்கை. ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த வரிசை பிசகவில்லை. தவளையைப் பற்றி லோட்சே சொன்ன பழகிய பழக்கம் நமக்கு நினைவுக்கு வந்தது. காய்ச்சலின் குழப்பத்தில் கைகள் தொழில் செய்யும் என்று மருத்துவமும் சொல்கிறது. அவர் கையைப் பிடித்து நிறுத்தப் போனோம்.

"விடுப்பா. அவர் தறியில இருக்காரு" என்றார் அம்மா.

கையை எடுத்துக்கொண்டோம். போர்வையின் கீழே வலது பாதம் மெல்ல அழுந்தி எழுந்துகொண்டிருந்தது. இடது பாதம் அசையவில்லை.